பள்ளி நூலகமும் பொது நூலகமும் ஒரே கூரையில்: திரேஸ்புரம் மாதிரி ஊர்களுக்கு இது சரிப்பட்டு வருமா?

பள்ளிக்கூடம் விட்டதும் வகுப்பறைகளோடு சேர்த்து புத்தக பீரோவும் பூட்டப்படுகிறது. பொது நூலகம் மாலையில் திறந்துதான் இருக்கும். ஆனால் அது எத்தனையோ பிள்ளைகளுக்கு இரண்டு பெரிய சாலைகளைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. இரண்டிலும் இருப்பது மக்கள் பணத்தில் வாங்கிய புத்தகங்கள். இரண்டையும் நடத்துவதும் ஒரே துறை, பள்ளிக் கல்வித் துறை. அப்படியென்றால் ரெண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்தால் என்ன?

கேட்க எளிதான கேள்விதான். உலகத்தில் பல ஊர்கள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. சில ஊர்களில் நன்றாக நடக்கிறது. சில ஊர்களில் இரண்டு நூலகமும் சேர்ந்தே கெட்டுப் போயிருக்கின்றன. தூத்துக்குடியின் வடக்கு ஓரத்தில், பக்கிள் ஓடை கடலில் சேரும் இடத்தில் இருக்கும் திரேஸ்புரம் போன்ற ஒரு மீனவர் குடியிருப்பை மனதில் வைத்து இதைப் பார்த்தால், எது முக்கியம், எது அலங்காரம் என்பது சீக்கிரம் புரிந்துவிடும்.

கூட்டு நூலகம் என்றால் என்ன?

பள்ளி மாணவர்களும் ஊர் மக்களும் ஒரே இடத்தில், ஒரே புத்தகத் தொகுப்பைப் பயன்படுத்துவது. பகலில் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வருவார்கள். மாலையிலும் விடுமுறை நாளிலும் ஊர் வரும். இடம் பள்ளியுடையதாக இருக்கலாம், ஊழியர் பொது நூலகத் துறையைச் சேர்ந்தவராக இருக்கலாம். செலவை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள்.

இதைப் பள்ளி வளாகத்தில் ஒரு மூலையில் பொது நூலகத்துக்கு ஓர் அறை கொடுப்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வெறும் இடவசதி. கூட்டு நூலகத்தில் புத்தகம் வாங்குவது, நேரம் வைப்பது, கணக்கு எழுதுவது எல்லாமே கூட்டாக நடக்கும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணைப்படி ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும். செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்கள், கதைப் புத்தகங்கள் அதில் இருக்க வேண்டும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் என்று வகுக்கப்பட்டது. ஒரு தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாயில் இன்றைய விலைக்கு எத்தனை புத்தகம் வரும் என்பதைப் புத்தகக் கண்காட்சிக்குப் போய் வந்தவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பொது நூலகத்தின் கதை வேறு. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். அன்றைய கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியாரும், சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனும் அதற்குக் காரணமானவர்கள். மாவட்டம்தோறும் நூலக ஆணைக்குழு, அதற்கென்று தனி வரி என்பது அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. தமிழ்நாட்டில் இப்போது சொத்து வரி ஒரு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. அதாவது வீட்டுக்கு 1,000 ரூபாய் சொத்து வரி என்றால் அதன் மேல் நூலக வரி 100 ரூபாய்.

வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி. செலவு செய்வது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலித்த பணத்தை உள்ளாட்சி அமைப்புகள் முழுதாகக் கொடுக்காமல் நிலுவை வைப்பது தமிழ்நாட்டில் பழைய புகார். ஆக, திரேஸ்புரத்தில் வீட்டு வரி கட்டும் ஒரு குடும்பம் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. தங்கள் தெருவுக்குப் பக்கத்தில் நூலகம் வேண்டும் என்று அந்தக் குடும்பம் கேட்டால் அது சலுகை ஆகாது.

தேசியக் கல்விக் கொள்கை 2020-லும் ஒரு வரி இருக்கிறது. கிராமங்களில் அமைக்கும் பள்ளி நூலகங்கள் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் ஊர் மக்களுக்கும் பயன்பட வேண்டும் என்கிறது அது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை, தனியாக மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. ஆனால் இந்த ஒரு யோசனைக்கு எந்தக் கொள்கையின் துணையும் தேவையில்லை. 1948-ம் ஆண்டுச் சட்டமே போதும்.

தமிழ்நாட்டில் முன்பு இப்படி நடந்திருக்கிறதா?

சரியாக இதே வடிவத்தில் பெரிய அளவில் நடக்கவில்லை. ஆனால் இதன் அக்கம்பக்கத்தில் நிறைய நடந்திருக்கிறது.

1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். கட்டடம் இல்லாவிட்டால் புத்தகம் ஆளைத் தேடிப் போகலாம் என்று காட்டிய முயற்சி அது. பொது நூலகத் துறைக்கு 1972-ல்தான் தனி இயக்குநரகம் வந்தது. அதற்கு முன் கல்வித் துறையின் தலைவரே நூலகத்தையும் பார்த்துக்கொண்டார். இன்று மாநிலத்தில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று அதில் பல படிகள். கடைசிப் படியான பகுதி நேர நூலகம் ஒரு நாளில் சில மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும்.

இன்னொரு அனுபவமும் உண்டு. 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். கட்டடம் வந்தது, அலமாரி வந்தது, புத்தகமும் வந்தது. பல ஊர்களில் கொஞ்ச நாளில் பூட்டும் வந்தது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. தினமும் வந்து கதவைத் திறக்க, முறையான சம்பளம் வாங்கும் ஓர் ஆள் இல்லை. சொற்ப மதிப்பூதியத்துக்கு ஒருவர் எத்தனை வருடம் வருவார்? கூட்டு நூலகம் பற்றிப் பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் ஆஸ்திரேலியாவில் இல்லை, இங்கேயே இருக்கிறது.

பக்கத்து மாநிலமான கர்நாடகம் வேறு வழியில் போனது. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020 நவம்பரில், ஊராட்சி நூலகங்களில் 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவச உறுப்பினர் அட்டை கொடுக்கும் 'ஓதுவ பெளகு' திட்டத்தைத் தொடங்கியது. கட்டடத்தை இணைக்காமல் உறுப்பினர்களை இணைத்த முறை இது. செலவு குறைவு. ஆனால் நூலகம் நடக்கும் தூரத்தில் இருந்தால்தான் பலன்.

வெளிநாட்டில் என்ன ஆச்சு?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1835-லேயே இதைத் தொடங்கிவிட்டது. பள்ளி வட்டங்கள் வரி போட்டு நூலகம் வைத்துக்கொள்ளலாம், அதை அந்த வட்டத்து மக்கள் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று சட்டம் வந்தது. 1838 முதல் மாநில நிதியும் சேர்ந்தது. 1850-களின் தொடக்கத்தில் அந்த நூலகங்களில் சுமார் 16 லட்சம் புத்தகங்கள் இருந்தன. பிறகு எண்ணிக்கை சரியத் தொடங்கியது. சிறுசிறு பள்ளி வட்டங்களில் புத்தகத்துக்குப் பொறுப்பாளர் என்று யாரும் நிலையாக இல்லை. நூலகப் பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்குத் திருப்பவும் வழி இருந்தது. கடைசியில் 1892-ல் பள்ளி நூலகம் வேறு, பொது நூலகம் வேறு என்று சட்டத்திலேயே பிரித்துவிட்டார்கள்.

அதற்கு நேர்மாறான கதை தெற்கு ஆஸ்திரேலியா. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே சிறிய ஊர்களில் 'பள்ளி சமூக நூலகம்' என்ற முறை நடக்கிறது. இன்றும் 40-க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. தனியாகப் பொது நூலகம் வைத்தால் கட்டுப்படியாகாத அளவு மக்கள்தொகை குறைந்த ஊர்கள் அவை. கல்வித் துறை, உள்ளாட்சி, நூலக வாரியம் ஆகியவற்றுக்கு நடுவே எழுத்து மூலம் ஒப்பந்தம் இருக்கும். பள்ளியும் ஊரும் சேர்ந்த நிர்வாகக் குழு இருக்கும். மாநிலம் முழுவதற்குமான பொது நூலகப் புத்தகத் தொகுப்பிலிருந்து புத்தகங்கள் சுழற்சியில் வரும். கல்லூரி அளவில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரம் 2003-ல் மாநகர நூலகத்தையும் பல்கலைக்கழக நூலகத்தையும் ஒரே கட்டடத்தில் திறந்தது.

நியூயார்க்கில் இல்லாமல் தெற்கு ஆஸ்திரேலியாவில் இருந்தது என்ன என்று பார்த்தால், பொறுப்பாளர் யார் என்பதும் பணம் எந்தக் கணக்கில் என்பதும் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

சரி, திரேஸ்புரத்துக்கு வருவோம்

திரேஸ்புரம் நாட்டுப்படகு மீனவர்களும் சங்குகுளித் தொழிலாளர்களும் வாழும் பகுதி. ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர் போன கடல் இது. 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு வரிசை. அதன்பின் முத்து போய் சங்கு மட்டும் மிஞ்சியது. பல மதத்தவரும் நெருக்கமாக வாழும் தெருக்கள்.

இந்தக் கடற்கரைக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் புத்தகம். அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில், புன்னைக்காயலில் வாழ்ந்தவர். அந்த அச்சு வேலைக்குப் பரதவர்கள் திரட்டிக் கொடுத்த பணமும் பயன்பட்டது. நூலக வரிக்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே புத்தகத்துக்குப் பணம் கொடுத்த கடற்கரை இது.

இங்கே ஒரு கூட்டு நூலகம் வந்தால் முதல் பிரச்சினை நேரம். பள்ளி நாட்காட்டி ஒன்று சொல்லும், கடல் நாட்காட்டி இன்னொன்று சொல்லும். விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், விசைப்படகில் வேலைக்குப் போகும் குடும்பங்களும் இந்தப் பக்கம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில்தான் பள்ளிக்கும் கோடை விடுமுறை. அப்பாவும் வீட்டில், பிள்ளையும் வீட்டில். நூலகம் அதிகமாகத் தேவைப்படும் நேரமே அதுதான். பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் நூலகம், பள்ளிக் கேட்டோடு சேர்ந்து மே மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்தால் அதை வைத்து யாருக்கு என்ன லாபம்?

வார நாட்களிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் கிளை நூலகங்களுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். பள்ளிக்கு ஞாயிறு விடுமுறை, வெள்ளி வேலை நாள். ஒரே கதவு என்றால் யாருடைய விடுமுறையைப் பின்பற்றுவது? பள்ளி முறையைப் பின்பற்றினால் ஞாயிற்றுக்கிழமை வரும் வாசகர் திரும்பிப் போவார். நூலக முறையைப் பின்பற்றினால் வெள்ளிக்கிழமை வகுப்புகளுக்கு நூலகப் பாடவேளை கிடையாது. இரண்டு ஊழியர்கள் சுழற்சியில் இருந்தால் இரண்டையும் சமாளிக்கலாம். ஒருவர் மட்டும் என்றால் முடியாது.

மாலை நேரத்துக்கும் இங்கே தனி அர்த்தம் உண்டு. மீன் ஏலத்துக்கும் கருவாட்டு வேலைக்கும் போகும் அம்மாக்கள் வீடு திரும்பும் வரை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் மூத்த பிள்ளையின் பொறுப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளை நூலகம் வந்தால் கூடவே மூன்று வயதுத் தம்பியும் வருவான். அவனை வாசலிலேயே நிறுத்தினால் இவளும் வரமாட்டாள். பாய் விரித்த ஒரு மூலையும் படப் புத்தகங்களும் இருந்தால் இரண்டு பேருமே உள்ளே இருப்பார்கள்.

இன்னொரு பக்கம், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு, கடலோரக் காவல்படை என்று தயாராகும் இவர்களுக்கு அமைதி வேண்டும், மேஜை வேண்டும், மின்விசிறி வேண்டும். மூன்று வயதுத் தம்பிக்கும் இவர்களுக்கும் ஒரே அறை சரிப்படாது. குறைந்தது இரண்டு அறை என்பது ஆடம்பரம் இல்லை.

கடற்கரைக்கே உரிய தொல்லைகளும் இருக்கின்றன. உப்புக் காற்றில் இரும்பு அலமாரி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரப்பதத்தில் புத்தகம் பூஞ்சை பிடிக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டம் மறக்காது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தூத்துக்குடி நகரத் தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. ஓடையும் கடலும் சேரும் ஓரத்தில் தரைத்தளத்தில் புத்தகம் வைப்பது என்றால், கீழ்த் தட்டைக் காலியாக விடவாவது செய்ய வேண்டும். மாடியில் வைத்தால் புத்தகம் தப்பும், ஆனால் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஏற முடியாது. சாய்தளமோ லிஃப்டோ இல்லாத மாடி நூலகம் ஊருக்குப் பாதிதான் நூலகம்.

வெளியாட்கள் பள்ளிக்குள் வரலாமா?

பெற்றோர்களின் முதல் பயம் இதுதான், நியாயமான பயமும்கூட. போக்சோ சட்டம் வந்த 2012-க்குப் பிறகு, வளாகத்துக்குள் யார் வருகிறார்கள் என்பதில் பள்ளிகள் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. வகுப்பு நடக்கும் நேரத்தில் அறிமுகமில்லாத பெரியவர்கள் நடமாடுவதை எந்தத் தலைமை ஆசிரியரும் ஏற்கமாட்டார்.

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் பதில் கட்டட அமைப்பில் இருக்கிறது. நூலகத்துக்கு இரண்டு வாசல். ஒன்று பள்ளிக்குள், மற்றது நேராகத் தெருவுக்கு. பள்ளி வாசல் பள்ளி நேரத்தில் மட்டும் திறக்கும். தெரு வாசலில் வருபவர் நூலகத்தைத் தாண்டி வகுப்பறைப் பக்கம் போக வழியே இருக்கக் கூடாது. கழிப்பறையும் தனித்தனி. ஏற்கெனவே கட்டி முடித்த பள்ளியின் நடுவில் உள்ள அறையில் இது நடக்காது. மதில் ஓரத்து அறையாக இருந்தால் ஒரு சுவரை உடைத்துக் கதவு வைத்தால் போதும்.

தெரு வாசலுக்கு வேறொரு பயனும் உண்டு. பாதியில் படிப்பை நிறுத்திக் கடலுக்குப் போன ஓர் இளைஞருக்குப் பள்ளிக் கேட் என்பது தோற்றுப்போன இடத்தின் வாசல் மாதிரி. அதைத் தாண்டி உள்ளே போகக் கூச்சப்படுவார். தெருவைப் பார்த்த கதவு அந்தக் கூச்சத்தைப் பாதியாகக் குறைக்கும்.

கடற்கரை ஊர்களில் பல பள்ளிகள் அரசு உதவி பெறும் பள்ளிகள், மறைமாவட்டமோ அறக்கட்டளையோ நடத்துபவை. அங்கே கூட்டு நூலகம் என்றால் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். எல்லா மதத்தவரும் தயக்கமில்லாமல் வரும் இடமாக அது இருக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இந்த வகையில் மாநகராட்சிப் பள்ளி எளிது. இடமும் வரி வசூலும் ஒரே மாநகராட்சியிடம் இருக்கிறது.

புத்தகம் தொலைந்தா யார் கட்டுவது?

சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளி நூலகங்களைப் பூட்டி வைத்திருப்பதே இந்தக் கேள்விதான். பெரும்பாலான பள்ளிகளில் தனி நூலகர் கிடையாது. ஏதோ ஓர் ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். இருப்புப் பதிவேட்டில் 800 புத்தகம் என்றால் தணிக்கையின்போது 800 இருக்க வேண்டும். குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் பீரோ திறக்கப்படுவதே இல்லை. அப்படி இருக்கும் புத்தகங்கள் புதுசாகவே இருக்கும், யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். புத்தகம் பூட்டி வைக்கும் சொத்து அல்ல என்பதைத்தான் ரங்கநாதன் 1931-ல் தன் ஐந்து விதிகளில் முதல் விதியாக வைத்தார்.

பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் இந்தப் பயத்தைக் கொஞ்சம் உடைத்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்கவே அச்சிடப்பட்டவை. கிழிந்தால் கிழியட்டும் என்ற மனநிலை அதில் இருந்தது.

கூட்டு நூலகத்திலும் அது வேண்டும். புழக்கத்தில் கிழியும், தொலையும் புத்தகங்களுக்கு ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே கழிவு ஒதுக்கி, அதற்கு எந்த ஊழியரும் கையிலிருந்து கட்டத் தேவையில்லை என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பள்ளி வாங்கிய புத்தகத்துக்கும் ஆணைக்குழு வாங்கிய புத்தகத்துக்கும் வேறு வேறு முத்திரை இருக்கட்டும். பின்னால் ஒருநாள் பிரிய நேர்ந்தால் சண்டை வராது.

சாவி யாரிடம் இருக்கும்?

மேலே சொன்ன அத்தனையும் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கும். சாவி தலைமை ஆசிரியரிடம் இருந்தால் அது பள்ளி நூலகம். நூலகரிடம் இருந்தால்தான் அது பொது நூலகமும்கூட. தலைமை ஆசிரியர் இடமாறுதலில் போகும்போது புதிதாக வருபவர் 'இதெல்லாம் எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாதபடி, ஒப்பந்தம் பள்ளிக்கும் ஆணைக்குழுவுக்கும் நடுவே இருக்க வேண்டும், இரண்டு மனிதர்களுக்கு நடுவே அல்ல. மின் கட்டணம் யார், துப்புரவு யார், தேர்தலின்போது பள்ளி வாக்குச்சாவடியானால் நூலகம் என்ன ஆகும், புயல் நேரத்தில் பள்ளி நிவாரண முகாமானால் புத்தகங்களை எங்கே ஏற்றுவது என்பது வரை எழுத வேண்டியிருக்கும். கடைசி இரண்டும் தூத்துக்குடியில் கற்பனையான கேள்விகள் இல்லை.

நிபந்தனைகள் இத்தனை இருக்கும்போது, தனியாக ஒரு கிளை நூலகமே கட்டிவிடலாமே என்று தோன்றலாம். இடமும் பணமும் இருந்தால் அதுதான் நல்லது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் மீனவர் குடியிருப்பில் காலி மனை கிடைப்பது அரிது. பள்ளி வளாகம்தான் பெரும்பாலும் மிச்சமிருக்கும் பொது இடம்.

எங்கிருந்து தொடங்குவது?

கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சி உறுப்பினரும் அதில் இருப்பார். மதில் ஓரத்து அறை ஒன்றைக் கொடுக்கிறோம் என்று அந்தக் குழு தீர்மானம் போடலாம். உதவி பெறும் பள்ளியில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே, முடிவு நிர்வாகத்திடம். தீர்மானத்தின் நகலோடு மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஊழியரும் புத்தகமும் கேட்டு மனு கொடுக்க வேண்டும். மாநகராட்சி வார்டுகளில் 2022 முதல் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்திலும் இதை எழுப்பலாம். அப்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: இந்த வார்டில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதற்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.